கண்ணெதிரே இருந்த கிருமி

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

சங்கத் தலைவர் அவர்களே, இந்த வயதிலும் நமக்காகப் படியேறி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் ஆசிரியர் அவர்களே, கடைசி பெஞ்சில் என்னோடு சேர்ந்து தூங்கிய நண்பர்களே, இவர்களை இத்தனை வருஷம் சகித்துக்கொண்ட குடும்பத்தினரே!

செயலாளர் போன வாரம் போனில் கூப்பிட்டு, "அண்ணே, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு இருபது நிமிஷம் பேசணும், லைட்டா இருந்தா நல்லது" என்றார். லைட்டாகப் பேச ஒரு சர்ஜனைக் கூப்பிட்டது அவர் தப்பு. சாப்பாட்டுக்கு முன்னால் என்று சொன்னதால் இரைப்பையைப் பற்றியே பேசிவிடுவது என்று முடிவு செய்தேன். டாக்டர் அல்லாதவர்களும் சபையில் இருப்பதால் தெரிந்த விஷயத்தையும் கொஞ்சம் விளக்கித்தான் சொல்லப் போகிறேன். டாக்டர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பொறுக்க முடியாதவர்கள் பழைய வழக்கப்படி தூங்கலாம்.

நாம் படித்த காலத்தில் வைவாவில் டியோடினல் அல்சருக்கு, அதாவது சிறுகுடலின் தொடக்கத்தில் வருகிற புண்ணுக்கு, காரணம் கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிப்போம். அமிலம் அதிகம், அவசரம், கவலை, காரம், புளி, பீடி, வெறும் வயிற்றில் காபி. "ஹர்ரி, வொர்ரி, கர்ரி" என்று மூன்றே வார்த்தையில் முடித்தால் எக்ஸாமினர் சிரித்துக்கொண்டே மார்க் போடுவார். அமிலம் இல்லாவிட்டால் அல்சரும் இல்லை என்பது 1910-இல் ஷ்வார்ட்ஸ் சொல்லிவைத்த சூத்திரம். அதை யாரும் கேள்வி கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் தெரியவில்லை. ஏனென்றால் அமிலத்தைக் குறைத்தால் புண் ஆறத்தான் செய்தது!

சிகிச்சையும் அந்தச் சூத்திரத்தின் மேல்தான் நின்றது. சிகாகோவில் சிப்பி என்பவர் 1915-இல் மணிக்கு ஒரு தரம் பாலும் கிரீமும் கொடுக்கச் சொன்னார். நம் ஓ.பி.க்கு வருகிறவன் கிரீமுக்கு எங்கே போவான்? "காரத்தை விடு, பால் குடி, கவலைப்படாதே" என்று சீட்டு எழுதிக் கொடுத்தோம். கூலி வேலைக்குப் போகிறவனிடம் கவலைப்படாதே என்று சொல்ல நமக்குக் கூச்சமே இருந்ததில்லை. அது கேட்கவில்லையென்றால் கத்தி. இரைப்பையைச் சிறுகுடலின் அடுத்த பகுதியோடு இணைத்துத் தைக்கிற ஆபரேஷனை 1881-இலேயே வியன்னாவில் பில்ரோத்தின் கிளினிக்கில் செய்துவிட்டார்கள். அதைத்தான் நாம் செல்லமாக ஜி.ஜே. என்போம். 1943-இல் டிராக்ஸ்டெட் வேகாட்டமியைக் கொண்டுவந்தார். அமிலம் சுரக்கச் சொல்லி உத்தரவு போடுகிற வேகஸ் நரம்பையே வெட்டிவிடுவது. இரண்டையும் சேர்த்துச் செய்தால் நோயாளிக்கு ராத்திரி வலி போய்விடும். நமக்கு லிஸ்ட் நிறையும்.

அந்த வார்டுகளை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அடைப்பு வந்தவர்கள் நேற்றுச் சாப்பிட்ட சோற்றை இன்று வாந்தி எடுப்பார்கள். வயிற்றைப் பிடித்து லேசாகக் குலுக்கினால் பாதி நிரம்பிய குடம் மாதிரி சத்தம் கேட்கும். ஸ்டெதாஸ்கோப்பே வேண்டாம், பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்கும். நடு ராத்திரியில் ஓட்டை விழுந்து, வயிறு பலகையாகி வருகிறவர்கள் தனி. ஹவுஸ் சர்ஜன் தூக்கம் பாதி அவர்களால்தான் போனது.

தென்னிந்தியாவில் இந்த நோய் அதிகம் என்பது வெள்ளைக்காரன் காலத்திலேயே தெரிந்த சங்கதி. எவரெஸ்ட் ஏறப் போன சோமர்வெல் கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். 1922 எவரெஸ்ட் பயணம் முடிந்த கையோடு தெற்கே சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் காத்திருந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு, லண்டனில் காத்திருந்த சர்ஜன் வாழ்க்கையை விட்டு இங்கேயே வந்துவிட்டார். நெய்யூர் அப்போது திருவிதாங்கூர், இப்போது நம் கன்னியாகுமரி மாவட்டம். அங்கே அவர் கத்தி எடுத்ததில் பெரும்பங்கு டியோடினல் அல்சருக்குத்தான். ஆயிரக்கணக்கில் செய்தார், 1936-இல் அந்த அனுபவத்தைப் பிரிட்டிஷ் பத்திரிகையில் எழுதினார். குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் எலிகளுக்கு ஒவ்வொரு பகுதி மக்களின் சாப்பாட்டையும் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தார். திருவிதாங்கூர் ஏழைகளின் மரவள்ளிக் கிழங்குச் சாப்பாட்டைத் தின்ற எலிகளில் பலவற்றுக்கு இரைப்பையில் புண் வந்தது. ஆக, சாப்பாடுதான் காரணம் என்று நாமும் நிம்மதியாக இருந்தோம். இந்த எலிகளை மறந்துவிடாதீர்கள், பிறகு வருகிறேன்.

இப்போது ஆஸ்திரேலியாவுக்குப் போவோம். மேற்குக் கரையில் பெர்த் நகரம். ராயல் பெர்த் ஆஸ்பத்திரியில் ராபின் வாரன் என்று ஒரு பேத்தாலஜிஸ்ட். அதிகம் பேசாதவர். பேத்தாலஜிஸ்ட்டுகள் எந்த நாட்டிலும் அப்படித்தான் போலிருக்கிறது. 1979 ஜூன் மாதம், அவருடைய நாற்பத்திரண்டாவது பிறந்த நாள் அன்று, இரைப்பையிலிருந்து எடுத்த ஒரு சிறு துண்டை மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார். சவ்வின் மேல் ஒரு நீலக் கோடு. உற்றுப் பார்த்தால் கோடு இல்லை, சுருள் சுருளாகக் கிருமிகள். பக்கத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர்களுக்குத் தெரியவில்லை. வார்த்தின்-ஸ்டாரி என்ற வெள்ளிச் சாயத்தைப் போட்டுக் காட்டினார். கறுப்பாக, கூட்டம் கூட்டமாக, குருடனுக்கும் தெரிகிற மாதிரி நின்றன. சரி, கிருமி இருக்கிறது, அதனால் என்ன என்று கேட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். இரைப்பை அமிலத்தில் எந்தக் கிருமியும் உயிரோடு இருக்க முடியாது என்று எல்லோரும் படித்திருந்தார்களே!

வாரன் இரண்டு வருஷம் தனியாக ஸ்லைடு சேர்த்துக்கொண்டிருந்தார். ஸ்லைடுக்குப் பின்னால் ஒரு நோயாளி இருக்கிறான், அவனுக்கு என்ன தொந்தரவு என்று கேட்டுச் சொல்ல ஒரு கிளினீஷியன் வேண்டியிருந்தது. 1981-இல் கேஸ்ட்ரோ பிரிவுக்குப் பயிற்சிக்கு வந்தார் பாரி மார்ஷல். கால்கூர்லி என்கிற தங்கச் சுரங்க ஊரில் பிறந்தவர், அப்போது முப்பது வயதைத் தொட்டுக்கொண்டிருந்தார். பயிற்சிக் காலத்தில் ஏதாவது ஒரு ப்ராஜெக்ட் செய்தாக வேண்டும். நாமும் செய்திருக்கிறோம், சீஃப் சொன்ன தலைப்பில், சீனியர் எழுதியதைப் பார்த்து. இவரை "வாரனிடம் போ, அவர் ஏதோ கிருமி என்கிறார்" என்று அனுப்பினார்கள். போனார்.

போனவர் முதலில் லைப்ரரியில் உட்கார்ந்தார். அங்கேதான் வேடிக்கை. இந்தக் கிருமியைப் பார்த்த முதல் ஆள் வாரன் இல்லை. 1893-இலேயே இத்தாலியில் பிட்ஸோஸெரோ நாயின் இரைப்பையில் சுருள் கிருமிகளைப் பார்த்து எழுதியிருக்கிறார். 1924-இல் நாயின் இரைப்பையில் யூரியேஸ் என்கிற என்சைம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள், அது இரைப்பையே சுரப்பது என்று நம்பிவிட்டார்கள். 1940-இல் அமெரிக்காவில் ஃப்ரீட்பெர்க்கும் பாரனும், ஆபரேஷனில் வெட்டியெடுத்த மனித இரைப்பைகளிலேயே, மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்டவற்றில் பார்த்தார்கள். அவர்கள் பயன்படுத்தியதும் வெள்ளிச் சாயம்தான். பிறகு 1954-இல் பால்மர் என்பவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயாப்ஸிகளைப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு கிருமியும் இல்லை, முன்னவர்கள் பார்த்தது வெளியிலிருந்து ஒட்டிக்கொண்டது என்று எழுதினார். அவர் வெள்ளிச் சாயம் போடவில்லை. வழக்கமான சாயத்தோடு நிறுத்திக்கொண்டார். ஆயிரம் என்கிற எண்ணிக்கையைப் பார்த்ததும் உலகம் கோப்பை மூடிவிட்டது. ஆயிரம் பேருக்கு ஒரே தப்பைச் செய்தால் அது ஆயிரம் சாட்சி ஆகிவிடுகிறது!

கிரேக்க நாட்டில் மிசோலோங்கி என்கிற ஊரில் லிகூடிஸ் என்று ஒரு சாதாரண ஜி.பி. இருந்தார். 1958-இல் தன் வயிற்றுக்குத் தானே ஆன்டிபயாடிக் சாப்பிட்டுப் பார்த்தார். நன்றாகவே கேட்டது. நோயாளிகளுக்கும் கொடுக்க ஆரம்பித்தார், கூட்டம் கூடியது. அவர் கட்டுரையை அமெரிக்கப் பத்திரிகை திருப்பியனுப்பியது. 1968-இல் மருத்துவ ஒழுங்குக் குழு அவருக்கு அபராதம் போட்டது. 1980-இல் இறந்துபோனார். இன்னும் இரண்டு வருஷம் இருந்திருக்கலாம் அந்த மனுஷன். என்னைக் கேட்டால் இந்தக் கதையில் அவருக்காகத்தான் அதிகம் வருத்தப்பட வேண்டும்.

மார்ஷலுக்கு வருகிறேன். 1981-இலேயே ஒரு முதிய ருஷ்யர், சாப்பிட்டால் வயிறு வலிக்கிறது என்று வந்திருந்தார். அவர் பயாப்ஸியில் கிருமி இருந்தது. இரண்டு வாரம் டெட்ராசைக்ளின் கொடுத்தார்கள். வலி போய் ஆள் தெளிவாக வந்து நின்றார். ஒரு நோயாளியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் ஒரு டாக்டரைத் தூங்க விடாமல் செய்ய ஒரு நோயாளி போதும்.

1982-இல் வரிசையாக நூறு நோயாளிகளுக்கு எண்டோஸ்கோப்பி செய்து, பயாப்ஸி எடுத்து, கிருமியை வளர்க்கப் பார்த்தார்கள். முதல் முப்பத்து நாலு பேரிடம் எடுத்ததில் ஒன்றும் வளரவில்லை. வழக்கப்படி இரண்டு நாள் பார்த்துவிட்டு லேபில் தட்டை எறிந்துவிடுவார்கள். முப்பத்தைந்தாவது தட்டு வைத்த சமயம் ஈஸ்டர் லீவு வந்தது. லேபிலும் வேறு வேலை குவிந்து கிடந்தது. தட்டு ஐந்து நாள் இன்குபேட்டரில் மறந்து கிடந்தது. திரும்பி வந்து திறந்தால் குட்டிக் குட்டியாகப் பனித்துளி மாதிரி கிருமி முளைத்திருக்கிறது. சாவகாசமாக வளர்கிற ஜாதி அது. முந்திய முப்பத்து நாலையும் வளர்வதற்கு முன்னாலேயே குப்பையில் போட்டிருக்கிறார்கள். லீவு விட்டதால் நடந்த கண்டுபிடிப்பு இது. அரசு ஊழியர் சங்கங்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

நூறு பேரில் டியோடினல் அல்சர் இருந்தவர்கள் பதிமூன்று பேர். பதிமூன்று பேரிடமும் கிருமி இருந்தது. ஆஸ்திரேலிய கேஸ்ட்ரோ சங்கத்தின் 1983 கூட்டத்தில் படிக்க அனுப்பினார், வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். லான்செட் பத்திரிகை 1983-இல் வாரன் பெயரிலும் மார்ஷல் பெயரிலும் இரண்டு கடிதங்களையும், 1984 ஜூனில் முழுக் கட்டுரையையும் போட்டது. அப்போதும் எதிர்க்கேள்வி வலுவானது. கிருமி இருக்கிறது சரி. புண் வந்த இடத்தில் பிறகு வந்து குடியேறியதாக இருக்கலாமே? ஆறாத காலில் ஈ உட்கார்ந்திருக்கிறது, ஈயால் புண் வந்தது என்பீர்களா? நியாயமான கேள்விதான். கேட்டவர்களை மடையர்கள் என்று இன்று எழுதுவது சுலபம். அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

பதில் சொல்ல ராபர்ட் கோஹ் விதித்த நிபந்தனைகள் இருக்கின்றன. செகண்ட் எம்.பி.பி.எஸ். ஞாபகம் இருக்கிறதா? நோயாளியிடமிருந்து கிருமியை எடுத்து வளர்த்து, ஆரோக்கியமான உடம்பில் செலுத்தி, அதே நோயை உண்டாக்கி, அந்த உடம்பிலிருந்து அதே கிருமியைத் திரும்ப எடுக்க வேண்டும். மார்ஷல் பன்றிக்குட்டிகளிடம் முயன்றார். குட்டிகள் கொழுத்து வளர்ந்தனவே தவிர நோய் வரவில்லை.

1984-இல் ஒரு நாள். தன் இரைப்பையில் முதலில் எண்டோஸ்கோப்பி செய்துகொண்டு, சுத்தமாக இருக்கிறது என்று உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு ஒரு நோயாளியிடமிருந்து வளர்த்த கிருமியைக் கரைத்து, கோடிக்கணக்கில், ஒரே மடக்கில் குடித்துவிட்டார். எந்தக் குழுவிடமும் அனுமதி கேட்கவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. இரண்டில் எது பெரிய தைரியம் என்று இங்கே இருக்கிற கணவன்மார்களுக்குத் தெரியும்.

சில நாளில் வயிறு கனத்தது, காலையில் வாந்தி, வாயில் நாற்றம். நாற்றத்தைக் கண்டுபிடித்தவர் மனைவி. பத்தாம் நாள் மறுபடி எண்டோஸ்கோப்பி செய்தார்கள். சவ்வு முழுக்க அழற்சி, கிருமியும் இருந்தது. விஷயம் தெரிந்த மனைவி உடனே மருந்து சாப்பிடச் சொல்லிவிட்டார். பதினாலாம் நாள் டினிடசோல் ஆரம்பித்தார். 1985-இல் வந்த கட்டுரையில் "ஒரு தன்னார்வலர்" என்றுதான் இருக்கும், தன் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை.

இங்கே ஒரு திருத்தம். கிருமியைக் குடித்து அல்சர் வரவழைத்து நிரூபித்தார் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். மேடையிலும் பேசுகிறார்கள். நானே பேசியிருக்கிறேன். அவருக்கு அல்சர் வரவில்லை. வந்தது இரைப்பை அழற்சி மட்டும். அதுவும் பதினாலாம் நாள் பார்க்கும்போது பெரும்பாலும் தானாகவே அடங்கியிருந்தது. ஆரோக்கியமான இரைப்பையில் இந்தக் கிருமி நோயை உண்டாக்கும் என்பதை அது காட்டியது, அவ்வளவுதான். குடித்த கதை சுவாரசியமாக இருப்பதால் அது முன்னால் நின்றுகொண்டு, அதைவிட முக்கியமானதை மறைத்துவிட்டது.

முக்கியமானது, 1988 டிசம்பரில் லான்செட்டில் வந்த அவருடைய இன்னொரு ஆய்வு. கிருமியும் டியோடினல் அல்சரும் உள்ள நூறு பேர். சிலருக்கு அமிலத்தைக் குறைக்கிற சிமெட்டிடின், சிலருக்கு பிஸ்மத், அதோடு டினிடசோலோ அதைப் போன்ற வெறும் மாத்திரையோ. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பார்க்கிற டாக்டருக்கும் தெரியாது. முடிவு இதுதான். கிருமி போகாமல் தங்கியவர்களில் 61 சதவீதம் பேருக்குப் புண் ஆறியது, ஆனால் ஒரு வருஷத்துக்குள் 84 சதவீதம் பேருக்குத் திரும்பி வந்தது. கிருமி ஒழிந்தவர்களில் 92 சதவீதம் பேருக்கு ஆறியது. திரும்ப வந்தது 21 சதவீதம் பேருக்குத்தான். சிமெட்டிடின் சும்மா வந்த மருந்து இல்லை. அதைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் பிளாக்குக்கு அதே 1988-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அது புண்ணை ஆற்றும். நிறுத்தினால் புண் வந்துவிடும். மறுபடி கொடுத்தால் ஆறும். வருஷக்கணக்காக மாத்திரை விற்கும். கிருமியைத் தீர்த்துவிட்டால் கதையே தீர்ந்தது.

இந்த ஆய்வைத்தான் நான் படித்தேன். 1989 தொடக்கத்தில். இதுவரை நான் மார்ஷல் கதை சொன்னேன், இனிமேல் சொல்லப்போவது என் கதை. கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

அப்போது நான் ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியில் அசிஸ்டென்ட் சர்ஜன். மெடிசின் பக்கம் நம் பேட்ச் நண்பன் ஒருவன் இருந்தான். இப்போது நம்மோடு இல்லை. அவன் மெட்ராஸ் போன இடத்தில் அந்தக் கட்டுரையை ஜெராக்ஸ் எடுத்து வந்து டீ குடிக்கிற நேரத்தில் என் முன்னால் போட்டான். "படிடா, உன் கடையை மூடப் போறாங்க" என்றான். படித்தேன். "ஆஸ்திரேலியாக்காரன் ஆட்டுக்கறி தின்கிறவன், அவன் வயிறு வேற, நம்ம வயிறு வேற" என்று சொல்லிச் சிரித்தேன். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். அவன் மட்டும் ஜெராக்ஸை மடித்து என் மேஜை டிராயரில் வைத்துவிட்டுப் போனான்.

நான் சிரித்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. நம் நாட்டில் இந்தக் கிருமி பாதிக்கு மேற்பட்ட பெரியவர்களின் வயிற்றில் இருக்கிறது, சின்ன வயதிலேயே வந்துவிடுகிறது. எல்லோருக்கும் அல்சர் வருவதில்லை. மைசூரில் சர்ஜனாக இருந்த ஃபிராங்க் டோவி இந்தியாவிலும் வங்கதேசத்திலும் எங்கெங்கே அல்சர் அதிகம் என்று விசாரித்து 1979-இல் எழுதினார். அரிசி தின்கிற தெற்கிலும் கிழக்கிலும் அதிகம், கோதுமை தின்கிற வடமேற்கில் குறைவு. கிருமி இரண்டு பக்கமும் இருக்கிறது. ஆகவே மெக்காரிசனின் எலிகளைத் தூக்கி எறிய முடியாது. கிருமி ஒரு பக்கம், சாப்பாடு, புகை, மூட்டுவலி மாத்திரை, ஆளின் உடல்வாகு என்று இன்னும் சில கைகள் மறுபக்கம். கிருமியே இல்லாமல் வலி மாத்திரையால் மட்டும் வருகிற அல்சரும் உண்டு. இதையெல்லாம் அன்று நான் வாதமாக வைத்திருக்கலாம். வைக்கவில்லை. வயிறு வேறு என்று ஜோக் அடித்தேன். ஏன் என்று பிறகு பல தரம் யோசித்திருக்கிறேன். வேகாட்டமி ஜி.ஜே. எனக்கு நன்றாக வரும். ஜில்லாவில் என் கைக்கு ஒரு பெயர் இருந்தது. அது தேவையில்லை என்று ஒரு தாள் சொல்வதை ஒரு டீ நேரத்தில் ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை.

அந்த வருஷம் மே மாதமோ ஜூன் மாதமோ, ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிற ஒருவரை அட்மிட் செய்தேன். முப்பத்தைந்து வயது இருக்கும், கரும்பாறை மாதிரி உடம்பு. ஆறு வருஷமாக ராத்திரி இரண்டு மணிக்கு வலி வந்து எழுப்பும். பேரியம் மீலில் அல்சர் தெரிந்தது. அடைப்பு இல்லை, ரத்தக் கசிவு இல்லை. ஆபரேஷன் செய்தேன். நன்றாகவே செய்தேன், எட்டாம் நாள் தையல் பிரித்து அனுப்பினேன். ராத்திரி வலி அன்றோடு போயிற்று.

ஆனால் சாப்பிட்டு எழுந்தால் வியர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், படுத்தாக வேண்டும். டம்பிங் என்போம், நூற்றில் சிலருக்கு வரும் என்று புத்தகத்தில் ஒரு வரியில் இருக்கும். நாலு இட்லிக்கு மேல் இறங்காது. பத்துக் கிலோ குறைந்துவிட்டார். மூட்டை தூக்க முடியாமல் அதே மில்லில் வாட்ச்மேன் ஆனார், பாதிச் சம்பளத்துக்கு. அப்படியும் வருஷா வருஷம் பொங்கலுக்கு ஒரு வாழைத்தார் கொண்டுவந்து வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு, "ஐயா புண்ணியத்துல தூங்குறேன்" என்று கும்பிட்டுவிட்டுப் போவார். நானும் வாங்கிக்கொண்டேன்.

உலகம் அதற்குள் மாறிவிட்டது. 1989-இல் கிருமிக்கு ஹெலிகோபேக்டர் பைலோரி என்று புதுப் பெயர் வைத்தார்கள். 1994-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, கிருமி உள்ள அல்சர் நோயாளிகளுக்குக் கிருமிநாசினி கொடுத்தே ஆக வேண்டும் என்றது. அதே வருஷம் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு, இரைப்பைப் புற்றுநோய்க்கும் இதை ஒரு காரணமாகப் பட்டியலில் சேர்த்தது. 2005-இல் வாரனுக்கும் மார்ஷலுக்கும் நோபல் பரிசு. வாரன் 2024-இல் காலமானார். நம் ஆஸ்பத்திரிகளிலும் எண்டோஸ்கோப்பி அறையில் ஒரு மஞ்சள் ஜெல் வைத்திருப்போம். பயாப்ஸித் துண்டைப் போட்டால், கிருமி இருந்தால் ரோஜா நிறமாகும். 1924-இல் நாயின் இரைப்பையே சுரக்கிறது என்று நம்பினார்களே, அதே யூரியேஸ்தான். கிருமி அதை வைத்து அம்மோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றி அமிலத்தை முறித்துக்கொண்டு அதற்குள்ளே சுகமாக இருக்கிறது. முதல் தரம் அந்த ஜெல் என் கண் முன்னால் சிவந்தபோது டிராயரில் கிடந்த ஜெராக்ஸ் ஞாபகம் வந்தது.

2003-இல் அந்த வாட்ச்மேன் தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். இருபத்திரண்டு வயது. அதே ராத்திரி வலி. எண்டோஸ்கோப்பி பார்த்தேன், அதே இடத்தில் அல்சர். ஜெல் பத்து நிமிஷத்தில் சிவந்தது. ஓமிப்ரசோல், அமாக்சிசிலின், கிளாரித்ரோமைசின் மூன்றையும் இரண்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து இருவரும் வந்தார்கள். பையனுக்கு வலி இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறானாம், பரோட்டா உட்பட. அப்பா என் மேஜைக்கு எதிரே நின்றுகொண்டு, குற்றம் சொல்கிற தொனியே இல்லாமல், தெரிந்துகொள்கிற ஆசையில் கேட்டார்: "ஏனுங்கய்யா, எனக்குப் பண்ணப்ப இந்த மாத்திரை வந்திருக்கலீங்களா?"

"இல்லப்பா, அப்போ வரல" என்றேன்.

ஓமிப்ரசோல் அப்போது எங்கள் கைக்கு வரவில்லை என்பது நிஜம். கிளாரித்ரோமைசினும் வரவில்லை. ஆனால் டினிடசோல் எங்கள் மருந்து ஸ்டோரில் டப்பா டப்பாவாக இருந்தது, சீதபேதிக்கு. டெட்ராசைக்ளின் இருந்தது. பிஸ்மத் நாம் பிறப்பதற்கு முன்னாலிருந்தே இருக்கிற சரக்கு. கட்டுரை என் டிராயரில் இருந்தது.

அவர் தலையாட்டினார். "நம்ம காலம் அப்படி" என்று சொல்லி, மகனுடைய சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். நான் திருப்பிக் கூப்பிடவில்லை. அந்தப் பொங்கலுக்கும் வாழைத்தார் வந்தது.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சாப்பாடு ஆறுகிறதாம். ரசத்தில் மிளகு தூக்கலாகப் போடச் சொல்லியிருக்கிறேன், அல்சர் வந்தவர்களும் பயப்படாமல் ஊற்றிக்கொள்ளலாம்.